7 வருடம், 24,000 கிலோமீட்டர், பூட்டிய வீட்டில் நின்ற கார்: என்ன விலை கொடுக்கலாம்?

கானாடுகாத்தான்_கிழக்கு எழுதியது:
வணக்கம். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக் கார் விலைக்கு வந்திருக்கிறது. சிறிய பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், 2018 தயாரிப்பு, சிங்கிள் ஓனர், டி.என். 63 பதிவு. மீட்டரில் 24,300. ஓனர் குடும்பம் வெளியூரில் இருக்கிறது. பொங்கல், கல்யாணம், படைப்பு என்று ஊருக்கு வரும்போது மட்டும் எடுத்த வண்டி. கேட்பது 5.25 லட்சம். இதே வருடம், இதே மாடல், 80,000 ஓடினது காரைக்குடியில் 4.25 சொல்கிறார்கள். ஓட்டம் குறைவு என்பதற்காக 1 லட்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா? வயது, ஓட்டம், நிலைமை மூன்றில் எதற்கு எவ்வளவு மதிப்பு போடுவது?

செக்காலை_பட்டறை எழுதியது:
தம்பி, முதலில் மீட்டரை விட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் இப்படி நிற்கும் வண்டிகள் ஏராளம். ஓடாத வண்டியில் பிஸ்டனும் கிளட்சும் தேயாது, அது உண்மைதான். ஆனால் ரப்பர், ஆயில், பேட்டரி, சீல் எல்லாம் நாள் பார்த்துக் கெடுபவை. அதனால் வண்டியில் எங்கெல்லாம் தேதி இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

டயரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 1418 என்றால் 2018-ன் 14-வது வாரம். வெளிப்பக்கம் அந்த நான்கு எண் இல்லாவிட்டால் உள்பக்கச் சுவரில் இருக்கும். பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) புதிதாகத் தெரிந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அதை நம்பித் திருச்சி ரோட்டில் 100-ல் போகக் கூடாது. ஒரே இடத்தில் நின்றதால் அடிப்பக்கம் தட்டையாகியிருந்தால் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கில் அதிர்வு வரும். 10 கிலோமீட்டர் ஓட்டியும் அது அடங்காவிட்டால் டயர் போச்சு.

அடுத்தது பிரேக் ஆயில். இது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம் என்பது அந்தத் தரத்தின் அளவு. கொடைக்கானல் இறக்கத்தில் பெடல் தரை வரை போவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியதை, நிற்கிற வண்டியில் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். டப்பாவில் நிறம் தேன் போல் இருக்கலாம். காப்பி நிறமாக இருந்தால் வீல் சிலிண்டரையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்தியிருந்தால் பின்பக்கம் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும், கேபிளும் இறுகியிருக்கும். சமதளத்தில் நியூட்ரலில் ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். வண்டி நகர முரண்டு பிடித்தால் முன்பக்கம் காலிப்பர் பின், பின்பக்கம் ஷூ, இரண்டில் ஒன்று பிடிக்கிறது.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால். அதுவும் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கால் டேங்க் பெட்ரோலோடு நின்ற வண்டியில் பம்பும் இன்ஜெக்டரும் முதலில் தொல்லை கொடுக்கும். இருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றிச் சோதிக்க ஓனர் ஒப்புக்கொள்கிறாரா, கேளுங்கள்.

ஏ.சி.யை இயக்கி 15 நிமிடம் விடுங்கள். கம்ப்ரசர் ஓடாமல் நின்றால் ஷாஃப்ட் சீல் காய்ந்து கேஸ் மெதுவாகப் போய்விடும். "கேஸ் மட்டும் நிரப்பினால் போதும்" என்று ஓனர் சொன்னால் அங்கே லீக் இருக்கிறது என்று வைத்து விலை பேசுங்கள்.

கடைசியாக எலி. பழைய வீட்டுக் கார் ஷெட்டில் நின்ற வண்டி என்றால் பானெட்டின் உள்பக்க மெத்தை, ஏர் ஃபில்டர் பெட்டி, ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் போகும் வயர் கட்டு மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிய இடம் இருந்தால் எதற்காகச் சுற்றியது என்று கேட்க வேண்டும். முழு வயரிங் மாற்றும் நிலை வந்தால் லாபம் எல்லாம் அதிலேயே போய்விடும்.

ஸ்டார்ட் செய்வது முழுக்க ஆறிய இன்ஜினில்தான். நீங்கள் போகும் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்களா என்று பானெட்டில் கை வைத்தால் தெரியும். முதல் ஓரிரு நொடி செயின் சத்தம் வந்து அடங்கினால் ஆயில் மேலே ஏறும் நேரம், பயமில்லை. சத்தம் தொடர்ந்தால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் கோளாறு. நீலப் புகை ஆயில் எரிவது. சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை கூலன்ட் உள்ளே போவது.

கொத்தமங்கலம்_கணக்கு எழுதியது:
பட்டறைக்காரர் சொன்னதை ரூபாயாக்கும் வழி இது. ஓனர் 2018-ல் வாங்கிய பில்லை அடிப்படையாக எடுக்காதீர்கள். அதே தரத்தில் இன்று புது வண்டி ஆன்-ரோடு என்ன விலை என்பதே அடிப்படை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. புது வண்டி விலை இறங்கினால் பழையதும் இறங்கித்தான் ஆக வேண்டும். பல ஓனர்கள் இன்னும் அதற்கு முந்தைய விலையை மனதில் வைத்தே கேட்கிறார்கள்.

இன்றைய ஆன்-ரோடு 8 லட்சம் என்று வையுங்கள். முதல் வருடம் 15 சதவீதம் கழித்தால் 6.80. பிறகு ஒவ்வொரு வருடமும் மிச்சத்தில் 8 சதவீதம். ஆறு வருடத்துக்குக் கழித்தால் 4.12 லட்சம். சீக்கிரம் கைமாறும் மாருதி, டொயோட்டா போன்றவற்றுக்கு 8 சதவீதம் பொருந்தும். ஆள் கிடைக்காத மாடலுக்கும் உற்பத்தி நின்ற மாடலுக்கும் 11, 12 என்று போடுங்கள். இது சட்டமில்லை, பேரம் தொடங்க நான் வைத்திருக்கும் அளவு.

ஓட்டத்துக்கு: பெட்ரோல் வண்டிக்கு வருடம் 10,000 என்று எடுத்தால் 70,000 ஓடியிருக்க வேண்டும். இது 46,000 குறைவு. அதற்காக அதிகபட்சம் 6 சதவீதம், அதாவது 25,000 கூட்டி 4.37 லட்சம் என்பேன். அதற்கு மேல் கூட்டுவதில்லை. காரணம், குறைந்த ஓட்டத்தால் மிச்சமாவது கிளட்ச் பிளேட், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், இன்ஜினின் கொஞ்சம் ஆயுள். இவற்றை விலை போட்டால் 25,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். 1 லட்சம் வராது.

வயதை எண்ணும்போது பதிவுத் தேதியை எடுக்காதீர்கள். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருடமும் தனியாக இருக்கும். 2017 டிசம்பரில் செய்து 2018 மார்ச்சில் பதிந்த வண்டியை 2017 என்றுதான் சந்தை விலை போடும்.

கழனிவாசல்_63 எழுதியது:
கணக்கு அண்ணன் சொல்வது ஏட்டில் சரி. ஆனால் காரைக்குடியில் சிங்கிள் ஓனர் வீட்டு வண்டிக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். 4.37 என்று போய் நின்றால் அடுத்த நாளே வேறு ஒருவர் 4.80 கொடுத்து எடுத்துப் போய்விடுவார். கூடக் கொஞ்சம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

கொத்தமங்கலம்_கணக்கு எழுதியது:
வரிசை இருப்பது உண்மை. ஆனால் அந்த 4.80 கொடுத்தவர் வாங்கிய மாதமே டயர், பேட்டரி, ஆயில்களுக்கு 40,000 செலவழிப்பார். அவருக்கு வண்டி 5.20-ல் முடிகிறது. அந்தப் பணத்துக்கு 2021 வண்டி பார்க்கலாம். ஓனரிடம் இதை மறைக்க வேண்டியதில்லை. செலவுப் பட்டியலை எழுதி அவர் முன்னாலேயே வையுங்கள், பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

இன்னொன்று. இன்சூரன்ஸ் பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பான ஐ.டி.வி.யைக் காட்டி "கம்பெனியே இவ்வளவு மதிப்பு போட்டிருக்கு" என்பார்கள். ஐந்து வருடம் வரை அதற்கு அட்டவணை இருக்கிறது: 1 முதல் 2 வருடத்துக்கு 20 சதவீதம், 3 வரை 30, 4 வரை 40, 5 வரை 50 கழிவு. ஐந்தைத் தாண்டினால் கம்பெனியும் ஓனரும் பேசி வைத்துக்கொள்ளும் தொகைதான். அதைச் சந்தை விலையாக எடுக்க முடியாது.

டிங்கரிங்_தேவகோட்டை எழுதியது:
நிலைமை என்றால் எல்லோரும் பாலிஷைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது இரும்பை.

பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டரை இரவல் வாங்கிப் போங்கள். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 140 மைக்ரானுக்குள் இருக்கும். ஒரு பேனல் 200-க்கு மேல் காட்டினால் மறுபடி அடித்தது. 500, 800 என்றால் அடியில் பட்டி இருக்கிறது. கூரையில் முதலில் அளந்துவிட்டு மற்ற இடங்களை அதோடு ஒப்பிடுங்கள், கூரையில்தான் கை வைப்பது குறைவு.

கதவு, பம்பர், ஃபெண்டர் மறு பெயிண்ட் என்றால் நான் பெரிதாகக் கழிக்க மாட்டேன். சந்தில் உரசாத வண்டி ஊரில் ஏது. ஆனால் ஏப்ரான் (இன்ஜின் அறையின் பக்கத் தகடு), முன் சேசிஸ் கை, ஏ பில்லர் (முன் கண்ணாடி ஓரத் தூண்), பி பில்லர் (இரண்டு கதவுக்கும் நடுத் தூண்), கூரை விளிம்பு இவற்றில் வேலை நடந்திருந்தால் அந்த வண்டியை நான் எந்த விலைக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன். கண்டுபிடிப்பது எளிது: கம்பெனி ஸ்பாட் வெல்டு சின்ன வட்டக் குழிகளாக ஒரே இடைவெளியில் வரும். பட்டறை வெல்டு மேடாகவோ கிரைண்டர் தேய்த்த தழும்பாகவோ இருக்கும். கதவின் ரப்பர் பீடிங்கைக் கையால் உருவினால் பில்லர் விளிம்பு தெரியும். பானெட் போல்ட்டு, ஃபெண்டர் போல்ட்டு தலையில் பெயிண்ட் உடைந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம்.

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் ஓடிய வண்டியானால் லிஃப்டில் ஏற்றாமல் விலை பேசாதீர்கள். உப்புக் காற்று பிரேக் குழாய், சைலன்சர் கொக்கி, ரன்னிங் போர்டின் உள்மடிப்பு மூன்றையும் தின்னும். நம் ஊர் செம்மண் புழுதி இரும்பை அவ்வளவு கெடுக்காது, ஃபில்டரைத்தான் அடைக்கும்.

கானாடுகாத்தான்_கிழக்கு எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. மீட்டரைத் திருப்பியிருக்க வாய்ப்பு உண்டா? ஓனர் நல்ல குடும்பம்தான், ஆனால் வண்டி ஒரு டிரைவர் பொறுப்பில் இருந்திருக்கிறது.

ஸ்கேனர்_கோட்டையூர் எழுதியது:
சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஓனருக்கே தெரியாமல் வண்டி வாடகைக்கு ஓடியிருக்கலாம். மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள்.

ஒன்று, கம்பெனி சர்வீஸ் சென்டரின் பதிவு. வண்டி எண்ணைச் சொன்னால் தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக வரும். ஓனரின் கைபேசியிலிருந்தே கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டு, தேய்மானம். 24,000 ஓடிய வண்டியில் பிரேக், கிளட்ச் பெடல் ரப்பரின் கோடுகள் கூராக இருக்க வேண்டும். டிரைவர் சீட்டின் வலது விளிம்பு நசுங்கியிருக்கக் கூடாது, ஏறி இறங்கும்போது உரசும் இடம் அதுதான். முன் பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் திட்டு தட்டக் கூடாது. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். அது வண்டியின் வயதோடு ஒட்டி வர வேண்டும். பெல்ட் புதிதென்றால் விபத்தில் ஏர்பேக் வெடித்து மாற்றியிருக்கலாம். ஸ்டெப்னியின் தேதியும் நான்கு டயரின் தேதியும் ஒன்றாக இருந்தால் நல்ல அறிகுறி. நான்கும் 2022, ஸ்டெப்னி மட்டும் 2018 என்றால் முதல் செட் தேய்ந்து போயிருக்கிறது. அதற்கு 40,000 கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டும்.

மூன்று, வண்டியின் கம்ப்யூட்டரில் இணைத்துப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர். ஆயிரம் ரூபாய்ச் சாதனமே போதும். பிழைக் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். "குறியீடு அழித்தபின் ஓடிய தூரம்" என்று ஒரு வரி இருக்கும். அது 8 கிலோமீட்டர், 15 கிலோமீட்டர் என்று காட்டினால் நீங்கள் வருவதற்காகவே யாரோ அழித்திருக்கிறார்கள். கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் சோதனைகள் "முடியவில்லை" என்று நின்றாலும் அதே பொருள். ஆனால் நிற்கிற வண்டியில் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படி வரலாம். அதனால் 50 கிலோமீட்டராவது வெவ்வேறு வேகத்தில் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். சில வண்டிகளில் ஏ.பி.எஸ்., ஏர்பேக் யூனிட்டுகளிலும் கிலோமீட்டர் தனியாகப் பதிந்திருக்கும். மீட்டரை மாற்றியவர்கள் அதைத் தொட மறந்துவிடுவார்கள். அதற்குக் கம்பெனி ஸ்கேனர் வேண்டும்.

பள்ளத்தூர்_ஆச்சி எழுதியது:
இடையில் ஒரு கேள்வி. டீசலுக்கும் இதே கணக்கா? 2014 இன்னோவா 1.9 லட்சம் ஓடினது ஒன்று, 2021 காம்பாக்ட் எஸ்.யூ.வி. டீசல் 35,000 ஓடினது ஒன்று, இரண்டும் பார்த்திருக்கிறோம். மாதம் ஒரு முறை சென்னை போய்வரவும் மற்ற நாள் காரைக்குடி, தேவகோட்டைக்குள் ஓடவும்.

புதுவயல்_டீசல் எழுதியது:
ஆச்சி, டீசலில் எவ்வளவு ஓடியது என்பதைவிட எப்படி ஓடியது என்பது பெரிது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசலில் சைலன்சர் பக்கம் கரி பிடிக்கும் டி.பி.எஃப். இருக்கிறது. நெடுஞ்சாலையில் 20, 30 நிமிடம் ஒரே சீராக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். 35,000-மும் பள்ளத்தூர், காரைக்குடி என்று குறுகிய ஓட்டமாகவே இருந்தால் கரி அடைத்திருக்கும், எரிக்க ஊற்றிய டீசல் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறியிருக்கும். டிப் ஸ்டிக்கை இழுங்கள். மேல் குறிக்கு மேல் ஆயில் நின்று டீசல் வாசம் வந்தால் கவனம். ஸ்கேனரில் கரி அளவும் கடைசி எரிப்பு எப்போது நடந்தது என்பதும் பல வண்டிகளில் தெரியும். டி.பி.எஃப். மாற்ற வேண்டி வந்தால் செலவு லட்சத்தைத் தொடலாம்.

அந்த இன்னோவா 1.9 லட்சத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். சென்னை ரோட்டிலேயே ஓடியிருந்தால் இன்ஜின் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 2.5 இன்ஜினில் டைமிங் பெல்ட் உண்டு. மாற்றிய பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வையுங்கள். அறுந்தால் வால்வு வரை போகும். இன்ஜெக்டர் நான்கின் கரெக்ஷன் அளவை (கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் டீசலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஸ்கேனரில் எடுங்கள். ஆயில் மூடியைத் திறந்து ஐடிலில் விடுங்கள், புகை பீறிட்டு மூடி துள்ளினால் ரிங் தேய்ந்தது. நான்காவது கியரில் 40-ல் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச். ஆர்.சி. விவரத்தில் முன்பு மஞ்சள் போர்டாக இருந்ததா என்றும் பாருங்கள். டாக்ஸியாக ஓடி வெள்ளைக்கு மாற்றியதானால் 1.9 லட்சம் என்ற எண்ணை நம்ப மாட்டேன்.

உங்கள் ஓட்டத்துக்கு, மாதம் ஒரு சென்னைப் பயணம் டி.பி.எஃப்.புக்குப் போதாது. பெட்ரோல் பாருங்கள், ஆச்சி.

திருமயம்_55 எழுதியது:
டெல்லி டீசல் பாதி விலைக்கு வருகிறது. எடுக்கலாமா?

படிவம்_29_30 எழுதியது:
டெல்லியில் டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்ததால் வந்த விலை அது. படிவம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு ஆயுள் வரி, புது எண், அலைச்சல் எல்லாம் சேர்த்தால் பாதி விலை முக்கால் விலையாகிவிடும். விற்கும்போதும் உள்ளூர் எண்ணுக்குக் கிடைக்கும் விலை கிடைக்காது.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடியிலும் மூழ்கியவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னிக் குழியில் வண்டல், பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

15 வருடத்தை நெருங்கும் வண்டியில் விலையோடு புதுப்பிப்பையும் சேருங்கள். 2022 ஏப்ரல் முதல் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000. பசுமை வரி, எஃப்.சி.க்கான (தகுதிச் சான்று) வேலை தனி. புதுப்பித்தால் 5 வருடம்.

கானாடுகாத்தான்_கிழக்கு எழுதியது:
பார்த்துவிட்டோம். நான்கு டயரும் ஸ்டெப்னியும் 1418. பேட்டரி நின்ற நிலையில் 12.1 வோல்ட், ஓடும்போது 14.2. பிரேக் ஆயில் காப்பி நிறம். பெயிண்ட் எல்லா இடமும் 95 முதல் 125, இடது முன் கதவு மட்டும் 260. பில்லர், ஏப்ரான் சுத்தம். சர்வீஸ் பதிவில் கடைசி வரி 2023, 21,900. பாலிசியில் நோ க்ளெய்ம் போனஸ் 50 சதவீதம். பெடல் ரப்பர் புதிதாக இருக்கிறது. பின் சக்கரம் கொஞ்சம் பிடிக்கிறது. ஏ.சி. நன்றாகக் குளிர்கிறது. எலி கடி இல்லை.

செக்காலை_பட்டறை எழுதியது:
நல்ல வண்டி. போனஸ் 50 என்றால் தொடர்ந்து ஐந்து வருடமாவது க்ளெய்ம் இல்லை, ஆகவே அந்தக் கதவு கைக்காசில் அடித்த கீறலாக இருக்கலாம். 14.2 என்றால் ஆல்டர்னேட்டர் சரி; 12.6 இருக்க வேண்டிய பேட்டரி 12.1 என்றால் அதை மாற்றுங்கள். நம் பக்கத்து விலையில் சுமாராக: டயர் நான்கு 21,000, பேட்டரி 5,500, இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், ஃபில்டர்கள் கூலியோடு 9,000, ஃபேன் பெல்ட் 1,500, பின் பிரேக் கழற்றிச் சுத்தம் செய்து வீல் சிலிண்டர் மாற்ற 3,500. மொத்தம் 40,500.

கொத்தமங்கலம்_கணக்கு எழுதியது:
4.37-இல் 40,500 கழித்தால் 3.96. தொடக்கம் 3.85 சொல்லுங்கள், 4.10-க்கு மேல் போக வேண்டாம். காரைக்குடியில் 4.25 சொன்ன 80,000 வண்டியும் பேரத்தில் 4.05 அளவில்தான் முடியும். அதற்கு டயர் தேதி நன்றாக இருந்தாலும் அடுத்த 20, 30 ஆயிரத்துக்குள் கிளட்ச் செட், முன் லோயர் ஆர்ம் புஷ் வரும். ஆக இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை வண்டிகள். இதில் வேலை முடித்துவிட்டால் முன்னால் செலவு குறைவு, நான் இதைத்தான் எடுப்பேன்.

படிவம்_29_30 எழுதியது:
பணம் கொடுக்கும் முன் அரசின் பரிவாகன் தளத்தில் எச்.பி. (வண்டிமேல் லோன் அடமானம்) இருக்கிறதா, அபராதம் பாக்கி உண்டா பாருங்கள். லோன் முடிந்தும் எச்.பி. நீக்கவில்லை என்றால் பேங்க் கையெழுத்திட்ட படிவம் 35-ஐ ஓனர்தான் வாங்கித் தர வேண்டும். வெளியூர் ஓனரானதால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, ஆதார் நகல், அவர் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. மூன்றும் ஒரே நாளில் முடியும்படி அவர் ஊரில் இருக்கும்போதே வைத்துக்கொள்ளுங்கள். அந்த 50 சதவீத போனஸ் ஓனரோடு போய்விடும், உங்களுக்கு வராது. பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், பிரீமியத்தில் போனஸ் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அதையும் அந்த 4.10-க்குள்ளேயே வையுங்கள்.